கம்பளி ஃபெல்ட் பொருள்களைச் செய்து விற்பது பற்றி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தை ஒட்டிய தாமானில் வசிக்கும் சகோதரி ஒருவர், பத்து மாதங்களாகக் காணொளிகளைப் பார்த்து, கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிப் பொம்மைகள் செய்யப் பழகியிருப்பதாக எழுதி, தாம் செய்த ஒரு யானையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். இதை விற்று வருமானம் ஈட்ட முடியுமா, நம் ஊர் வெக்கையில் கம்பளிப் பொருளை யார் வாங்குவார்கள், தோட்டத்தில் மேயும் செம்மறிகளின் ரோமம் உதவுமா, விலையை எப்படி வைப்பது, தீபாவளிக்குள் தொடங்கிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். இதே ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன் என்பதால், அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடியும், சகோதரி. ஆனால் முதல் ஆண்டில் இது ஒரு முழுச் சம்பளத்துக்கு ஈடாகாது. வீட்டு வருமானத்துக்குத் துணையாகத்தான் நிற்கும். அது நிலைக்குமா என்பதைப் பொம்மையின் அழகைக் காட்டிலும் அதன் இறுக்கமே முடிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. தளர்வாகக் குத்திய பொம்மை படத்தில் அழகாக இருக்கும், கையில் எடுத்ததும் பஞ்சைப் போல அமுங்கும், மூன்று மாதத்தில் மேலெல்லாம் நூல்நூலாகக் கிளம்பும். வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். இறுக்கத்துக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு விலை வேண்டும் என்பதால், நீங்கள் தனித்தனியாகக் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் வந்து சேர்கின்றன.

இப்படி இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிய கம்பளியைத்தான் ஃபெல்ட் என்கிறோம். ஆனால் ஃபெல்ட் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது எழுதுபொருள் கடைகளில் ‘கைன் ஃபெல்ட்’ என்ற மலாய்ப் பெயரில் பல வண்ணங்களில் விற்கும் மெல்லிய தாள் போன்ற துணிதான். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையில் இயந்திரத்தால் செய்யப்படுவது. வெட்டித் தைக்கலாமே தவிர, கம்பளி செய்யும் வேலையை அது செய்யாது. ஆட்டுக் கம்பளியின் ஒவ்வோர் இழையும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்து படிந்திருக்கின்றன. சூடும் ஈரமும் சோப்பும் சேர்ந்தால் இழைகள் நெகிழ்ந்து வழுக்கத் தொடங்கும். அப்போது தேய்த்து அசைத்தால் ஒவ்வோர் இழையும் ஒரே திசையில் மட்டும் நகர்ந்து அடுத்ததற்குள் புகுந்துகொள்ளும், செதில்கள் திரும்பி வர விடாமல் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறைந்த கட்டியை எப்படி மீண்டும் பாலாக்க முடியாதோ, அப்படியே இறுகிய கம்பளியையும் மீண்டும் பிரிக்க முடியாது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் சலவை இயந்திரத்தில் சுடுநீரில் போட்டு, குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கியதைக் கண்டவர்கள் இந்த வேலையின் தத்துவத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ‘சூப்பர்வாஷ்’ என்று பெயரிட்டு வரும் கம்பளியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காமலிருக்க அதன் செதில்களைக் குளோரின் முறையில் மழுங்கச் செய்து, மேலே பூச்சும் இட்டிருப்பார்கள். சுடுநீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது இறுகாது.

தோட்டத்துச் செம்மறிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலேயே ரப்பர் மரங்களுக்கிடையே களையை மேய்வதற்காகச் செம்மறி வளர்க்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது; இன்று செம்பனை வரிசைகளுக்கிடையிலும் அவற்றைக் காண்கிறோம். ஆனால் இங்கு வளர்பவை இறைச்சிக்கானவை. மாலின் என்னும் நாட்டு ரகத்தின் ரோமம் முரடானது. பார்படோஸ் பிளாக்பெல்லி போன்ற ரகங்களுக்குக் கம்பளியே கிடையாது, ஆட்டு முடிதான் உண்டு. டோர்ப்பர் ரகம் தன் மெல்லிய கம்பளியைத் தானே உதிர்த்துவிடும். ஒரு முறை, தெரிந்த தோட்ட மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் அன்போடு ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு முறை கழுவியும் மண்ணும் புல்விதையும் போகவில்லை, உருண்டை பிடித்தால் நாரைப் போல் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த உழைப்புக்குப் பயனில்லை. இங்குள்ள வெள்ளாட்டு முடி இதற்கு அறவே உதவாது.

ஆகவே கம்பளியை வாங்கத்தான் வேண்டும். இரண்டு வகை போதும். உள்ளே வைத்து உடலை உருட்டுவதற்குச் சற்று முரடான, சீப்பிட்டு நீட்டாமல் பஞ்சுப் படலமாக வரும் வெள்ளைக் கம்பளி. மேலே போர்த்துவதற்குச் சாயமேற்றிய மெல்லிய கம்பளி. முதல் வகை குறுக்கும் நெடுக்குமான இழைகளைக் கொண்டிருப்பதால் விரைவில் இறுகும், விலையும் குறைவு. பலர் செய்யும் தவறு, மெரினோ என்னும் செம்மறி ரகத்துக் கம்பளியின் மென்மையில் மயங்கி முழுப் பொம்மையையும் அதிலேயே செய்வது. மெரினோ இழையின் தடிமன் 18 முதல் 23 மைக்ரான்வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சோப்புநீரில் நனைத்துத் தேய்க்கும் ஈர முறையில் அது அருமையாக இறுகும், ஆனால் ஊசி முறையில் குத்தும் இடமெல்லாம் குழி தெரியும், நேரமும் இருமடங்காகும். கொரிடேல் போன்ற செம்மறி ரகங்களின் 25 முதல் 30 மைக்ரான் அளவிலான இழை ஊசிக்கு நன்கு அடங்கும். நல்ல கம்பளி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளை இணையம் வழி வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும், அஞ்சல் செலவு எடைக்கேற்ப ஏறும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே தடவையாக வரவழைப்பது சிக்கனம்.

இனி ஊசி. இந்த ஊசிகள் ஆலைகளில் ஃபெல்ட் விரிப்பு செய்யும் இயந்திரங்களுக்காக உருவானவை; 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட், எலனோர் ஸ்டான்வூட் தம்பதியர் அந்த ஊசியைக் கையில் எடுத்து உருவம் செய்யத் தொடங்கியதிலிருந்து இது ஒரு கைவினையாயிற்று. தையல் ஊசியைப் போலன்றி இதன் தண்டு முக்கோணமாக இருக்கும். அதன் விளிம்புகளில் கீழ்நோக்கிய சிறு வெட்டுகள் இருக்கும். உள்ளே குத்தும்போது அந்த வெட்டுகள் மேல் இழையைப் பிடித்து உள்ளே தள்ளும், வெளியே எடுக்கும்போது விட்டுவிடும். எண் கூடக் கூட ஊசி மெல்லியது: உடலைத் திரட்டுவதற்கு 36, வடிவம் கொடுப்பதற்கு 38, மேற்பரப்பை முடிப்பதற்கு 40. இந்த மூன்றும் இருந்தால் போதும். குத்திய கோணத்திலேயே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் நுனி முறிந்து பொம்மைக்குள்ளேயே தங்கிவிடும். முறிந்தால் அந்தத் துண்டு கிடைக்கும்வரை தேடுங்கள், கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மையை விற்காதீர்கள். காந்தத்தை மேலே நகர்த்திப் பார்ப்பது உதவும். அடியில் வைக்கும் பஞ்சு மெத்தைக்குப் பதிலாகச் சணல் சாக்குத் துணியில் தைத்த சிறு பையில் அரிசியை நிரப்பிப் பயன்படுத்தலாம். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும், பை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அரிசியில் வண்டு வராமலிருக்க, தைப்பதற்கு முன் அதை இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். ஈரக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடியுள்ள சிறு புட்டியில் போடுங்கள்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்வதுதான் கற்றுக்கொடுக்கக் கடினமான பகுதி. நான் அதிகம் செய்யும் தாப்பிரை எடுத்துக்கொள்கிறேன். கறுப்பு முன்பகுதியும் வெள்ளை முதுகுமாக இருக்கும் அந்த நம் காட்டு விலங்கின் உடலுக்கு வேண்டிய கம்பளி, குத்தத் தொடங்கும்போது இரண்டு கைப்பிடி அளவுக்கு உப்பிக்கொண்டு நிற்கும். முதல் அரை மணி நேரம் ஊசி சத்தமே இல்லாமல் இறங்கும். பிறகு ஒரு கட்டத்தில் ஒவ்வொரு குத்துக்கும் ‘நறுக் நறுக்’ என்று, வெள்ளரிக்காயைக் கடிப்பது போன்ற மெல்லிய ஒலி கேட்கத் தொடங்கும். இழைகள் நெருங்கிவிட்டதற்கு அதுதான் அறிகுறி. அப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். அமுங்கிய இடம் மெதுவாக மேலெழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது. உடனே துள்ளி எழுந்தால், அதோடு அமுக்கவும் சற்று வலிமை தேவைப்பட்டால், உடல் ஆயிற்று. உடல் ஆகாமல் காலையும் காதையும் ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். அவசரம் அங்கேதான் தெரிந்துவிடும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், கோயில் திருவிழா ஒன்றில் மேசை போட்டிருந்தபோது ஒரு சிறுமி என் யானையை எடுத்துக் காதைப் பிடித்துத் தூக்கினாள். காது அவள் கையோடு வந்துவிட்டது. அவளுடைய தாயார் மிகவும் சங்கடப்பட்டுப் பணத்தை நீட்டினார், நான் வாங்கவில்லை. தவறு குழந்தையுடையது அன்று. காதைத் தனியாக முழுவதும் இறுக்கி முடித்துவிட்டுத் தலையில் வைத்துக் குத்தியிருந்தேன். பிடித்துக்கொள்ளத் தளர்ந்த இழையே அதில் மிச்சமில்லை. ஒட்ட வேண்டிய உறுப்பின் அடிப்பகுதியில் ஓர் அங்குல இழையைக் குத்தாமல் விசிறிபோல விட்டு, அதை உடலின் மேல் பரப்பி, ஊசியைப் பல கோணங்களில் ஆழமாக இறக்கினால்தான் அது உடலோடு ஒன்றாகும். அன்றிலிருந்து விற்பனைக்குப் போகும் ஒவ்வொன்றையும் காதையோ வாலையோ பிடித்துத் தூக்கி உதறிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கிறேன்.

ஈர முறையை நீங்கள் இன்னும் தொடவில்லை என்று தெரிகிறது. தோரணத்துக்கும் கோலத் தட்டுவிரிப்புக்கும் அது அவசியம். இரண்டு செண்டிமீட்டர் உருண்டைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கம்பளி பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் நீரும் சோப்பும் எடுத்து, கம்பளியைச் சுருட்டி நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்ட வேண்டும். லட்டு பிடிப்பதைப் போல முதலிலேயே அழுத்தினால் மேலே விரிசல் விழும், பின்பு எவ்வளவு உருட்டினாலும் அது மூடாது. தொடக்கத்தில் காற்றை உருட்டுவதுபோல் லேசாகவும், மேல் தோல் கட்டத் தொடங்கிய பிறகு படிப்படியாக அழுத்தியும் உருட்டுங்கள். தட்டையான பொருளுக்கு மூன்று மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பரப்பி, நனைத்து, குமிழி பிளாஸ்டிக்கில் சுருட்டி நான்கு திசையிலும் உருட்ட வேண்டும். சுருக்கம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கும் என்பதால், ஒவ்வொரு கம்பளிக்கும் முதலில் 30 செண்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரி செய்து, முடிவில் எவ்வளவு நின்றது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோப்பின் காரம் இழையில் தங்கினால் நாளடைவில் கம்பளி நொய்ந்துபோகும்; கடைசி அலசலில் ஒரு வாளி நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள்.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மஞ்சள்தூளில் அருமையான நிறம் வரும், ஆனால் வெயிலில் மங்கிவிடும் என்பதால் வாசலில் தொங்கும் தோரணத்துக்கு உதவாது. படிகாரமிட்டு வெங்காயத் தோலில் ஏற்றும் பழுப்பு மஞ்சள் அதைவிட நன்றாக நிற்கும். கொதிநீரிலிருந்து எடுத்த கம்பளியை உடனே குளிர்நீரில் போடுவதும் கொதியில் கிளறுவதும் கூடாது. சட்டியிலேயே அது ஃபெல்ட் ஆகிவிடும்.

நம் தட்பவெப்பத்தைக் குறித்த உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் காரணம் வேறு. கம்பளியை உடுத்துவதற்கு இங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆகவே சால்வை, தொப்பி, காலணி ஆகியவற்றை மறந்துவிடுங்கள். மேசையில் வைக்கவும் வாசலில் கட்டவும் பையில் தொங்கவிடவும் வாங்கும் பொருளுக்கு வெக்கை ஒரு தடையே அன்று. நாம் அஞ்ச வேண்டியவை ஈரமும் பூச்சியும். சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்துப் பழங்காலப் புதைமேடுகளிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய ஃபெல்ட் விரிப்புகளும் அன்னப்பறவை உருவங்களும் நிறம்கூடப் பெரிதும் மங்காமல் எடுக்கப்பட்டன. உறைபனி அவற்றைக் காத்தது. நம் பேராக்கில் அப்படி ஒரு காவல் கிடையாது. கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். மழை நாளில் செய்த உருண்டையின் நடுப்பகுதி உலர மூன்று நாளாவது ஆகும். மேலே காய்ந்ததை நம்பிப் பெட்டியில் போட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை வரும். உருண்டைகளை வலைப் பையில் போட்டுச் சலவை இயந்திரத்தில் நீர் பிழிந்துவிட்டு, மின்விசிறிக்கு எதிரே பரப்புங்கள்.

துணிப்பூச்சியின் புழுவுக்குக் கெரட்டின்தான் உணவு. நான் ஒரு முறை நாற்பது பொருள்களை மர அலமாரியில் அட்டைப் பெட்டியோடு வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். மயிலின் கழுத்தில் ஊசித்துளை போன்ற ஓட்டைகள் இருப்பதாகப் படத்தோடு திருப்பியனுப்பினார். பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. இப்போது வாங்கிவரும் கம்பளி, முடித்த பொருள் இரண்டையும் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பிளாஸ்டிக் பெட்டிகளில் சேமிக்கிறேன். பாச்சை உருண்டை போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், சகோதரி. ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது) உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீனின் வாடையே அந்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். இந்நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதிக்கும் அளவுக்கு அது இங்கே சாதாரணமாகக் காணப்படுகிறது. நம் பொருள் எந்த வீட்டுத் தொட்டில் அருகே போய் நிற்கும் என்பதை நாம் அறியமாட்டோம்.

என்ன செய்து விற்பது என்பதில் என் அனுபவம் தெளிவாக இருக்கிறது. உதிரி உருண்டைகளில் நேபாளத்துடன் போட்டியிட முடியாது. காத்மாண்டுவில் பலர் கூடிச் செய்து உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள், அந்த விலைக்கு நாம் கம்பளியைக்கூட வாங்க முடியாது. நரி, முயல், பனிமான் ஆகியவற்றின் காணொளிகள் ஏராளமாக இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் அனைவரும் அவற்றையே செய்கிறார்கள். நான் விற்பவற்றில் முதலிடம் மாவிலைத் தோரணத்துக்கு. பச்சை ஃபெல்ட்டில் வெட்டிய இலைகளும் இடையிடையே செவ்வந்தி நிற உருண்டைகளும் கோத்தது. அடுத்து தாப்பிர், இருவாட்சி, மயில், நவராத்திரிக் கொலுவுக்கான சிறிய செட்டியார் பொம்மைகள். இவற்றையெல்லாம் விட மனத்துக்கு நெருக்கமானது ஒன்று உண்டு: தோட்டத்து வாழ்க்கையைக் காட்டும் சிறு உருவங்கள். பால் மரத்தின் அடிப்பகுதி, சாய்வாக இறங்கும் வெட்டு, அதன் கீழே கம்பியில் பால் வடியும் கிண்ணமான மங்கு, மங்கின் விளிம்பில் வழிந்து உறைந்த ஒட்டுப்பால். உள்ளங்கையளவு மரத்தில் இவை அத்தனையும் கொண்டுவரலாம். மங்கினுள் நிற்கும் பாலுக்கு வெள்ளை மெரினோவைச் சிட்டிகையளவு எடுத்து 40 ஊசியால் மேலோட்டமாகக் குத்தினால் திரவத்தின் மினுமினுப்பு வந்துவிடும். தோட்டத் தொழிலாளர் லய வீடுகளில் பிறந்து இப்போது கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதைக் கையில் எடுத்து, தங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழுந்து பால் வெட்டப் போவார் என்று என்னிடம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். விலையைக் கேட்பதற்கு முன்பே பலர் வாங்க முடிவு செய்துவிடுகிறார்கள். காணொளியில் கற்ற கை நுட்பத்தை நீங்கள் கண்ணால் கண்டு வளர்ந்த பொருளின்மேல் செலுத்துங்கள்.

விலைக்கு வருகிறேன். பெரும்பாலான பெண்கள் இங்கேதான் தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொள்கிறார்கள். ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே’ என்று கம்பளிக் காசை மட்டும் கணக்கிடுகிறார்கள். 2025 முதல் நடப்பிலுள்ள 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் 8 வெள்ளி 17 காசு வரும். அதற்குக் கீழே உங்கள் ஒரு மணி நேரத்தை மதிப்பிடாதீர்கள். எட்டு செண்டிமீட்டர் உயரத் தாப்பிர் ஒன்று எனக்கு நான்கு மணி நேரம் எடுக்கிறது என்றால் கூலி 32 வெள்ளி 68 காசு. கம்பளி 6 வெள்ளி, கம்பி, கண்ணாக வைக்கும் மணி, பெட்டி, தேய்மானம் சேர்த்து 4 வெள்ளி என்று வைத்தால் 42 வெள்ளி 68 காசு. அதன்மேல் விற்பனைத் தளத்தின் கழிவு, மேசை வாடகை, விற்காமல் நிற்கும் பொருள் ஆகியவற்றுக்காகக் கால் பங்கு சேர்த்தால் 53 வெள்ளியைத் தாண்டும்; 55 என்று வையுங்கள். அது அதிகம் என்று தோன்றினால் விலையைக் குறைப்பதற்காகக் குத்தும் நேரத்தைக் குறைக்காதீர்கள், உருவத்தைச் சிறிதாக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முழு இறுக்கத்தோடு முடிக்கக்கூடிய சாவிக்கொத்துத் தாப்பிர் 15 வெள்ளிக்கு நியாயமாக விற்கும், வாங்குபவரும் ஏமாறமாட்டார். நேரத்தைக் கைபேசியில் குறித்து எழுதுங்கள். ஊகித்தால் எப்போதும் குறைவாகவே தோன்றும்.

பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் இதை விற்க முயன்று நான் கைவிட்டேன். அங்கே மக்கள் வருவது சாப்பாட்டுக்கும் காய்கறிக்கும். எண்ணெய்ப் புகையும் தூறலும் கம்பளிக்கு ஆகாது. ஐந்து வெள்ளிப் பொம்மைக்குப் பக்கத்தில் 55 வெள்ளிப் பொம்மையை வைத்தால் விளக்கம் சொல்லியே இரவு போய்விடும். கோயில் திருவிழா, தீபாவளிச் சந்தை, திருமண வீட்டுக்கான அன்பளிப்பு ஆர்டர் ஆகியவை பயன் தருகின்றன. மேசையில் ஒரு பொருளை ‘அழுத்திப் பார்க்கலாம்’ என்று எழுதி வையுங்கள். கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் வாங்குகிறார்கள். இணைய விற்பனைக்கான படத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன் கடைவீதி அஞ்சடியிலோ வீட்டு முன்வாசல் நிழலிலோ எடுங்கள், அருகில் ஓர் இருபது காசு நாணயத்தை வைத்து அளவைக் காட்டுங்கள். அளவைத் தவறாக நினைத்து வாங்குபவர்களால்தான் சச்சரவு வருகிறது.

சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. சிறுதொழில் கடன் வழங்கும் அரசு நிறுவனமான தெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்காக வழங்கும் ஸ்பூமி என்னும் கடனைப் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அது நல்ல திட்டம்தான். ஆனால் இந்தத் தொழிலுக்கு முதல் ஆண்டில் கடன் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு கிலோ உள்கம்பளியும் ஊசிகளும் வாங்கும் பணத்தில் தொடங்கி, விற்றதிலிருந்து வளர்த்துக்கொள்ளலாம்.

பொம்மை என்ற சொல்லை விற்பனையில் கவனமாகப் பயன்படுத்துங்கள். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள்கள் 2009ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புப் பொம்மை விதிமுறைகளின் கீழ் வருகின்றன. அவற்றைச் சோதனைக்கு அனுப்பித் தரச்சான்று பெறாமல் விளையாட்டுப் பொம்மையாக விற்கக் கூடாது. நம்முடையவை அலங்காரப் பொருள்கள் என்று அட்டையிலேயே எழுதுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் வாய்க்குள் போகக்கூடிய கண்மணியும் கம்பியும் இதில் இருக்கின்றன. ‘பேரனுக்கு வாங்குகிறேன்’ என்று ஒரு பாட்டி சொன்னால் வயதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தீபாவளிக்குள் தொடங்கலாமா என்றால், எந்த மாதத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நம் மேற்குக் கரையில் மழை கனக்கும். ஆர்டர் குவிவதும் அப்போதுதான். ஆகவே ஈர முறை வேலை முழுவதையும், அதாவது உருண்டைகளையும் இலைக்கான விரிப்புகளையும், ஆகஸ்ட் முடிவதற்குள் செய்து உலர்த்திப் பெட்டியில் அடைத்துவிட வேண்டும். செப்டம்பரில் கோக்கலாம், ஊசி வேலையை மழையிலும் செய்யலாம். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் ‘ஒன்றே ஒன்று’ என்று கெஞ்சுபவருக்காகச் செய்ததுதான் எப்போதும் தளர்வாகப் போய்ச் சேரும்.

உங்கள் யானையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணும் நெற்றியும் நன்றாக அமைந்திருக்கின்றன. அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுக்க முடியாது, அது உங்களிடம் இருக்கிறது. தும்பிக்கை தலையோடு சேரும் அடிப்பக்கத்தில் ஒரு மடிப்பு தெரிகிறது, முன்னங்கால்கள் இரண்டும் உடலின் பாரத்தில் சற்று வெளியே சாய்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் வயிற்றுப் பகுதி இன்னும் இறுகவில்லை என்பதுதான். புதிய கம்பளி எதையும் சேர்க்காமல், 38 ஊசியால் வயிற்றின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு மணி நேரம் குத்துங்கள். யானை சற்றுச் சிறுத்துப்போகும், கால்கள் தாமாக நேரே நிற்கும். அதன் பிறகு தும்பிக்கை மடிப்பின்மேல் சாம்பல் நிறக் கம்பளியை மெல்லிய படலமாகப் பரப்பி 40 ஊசியால் மூடிவிட்டு, இன்னொரு படம் அனுப்புங்கள்.